ஐந்து மாதமாக ஃபெல்லோஷிப் வரவில்லை, கைடும் பிடிகொடுக்கவில்லை

கேள்வி: நான் முழுநேர பிஎச்.டி. மாணவி. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஜே.ஆர்.எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிச் சேர்ந்து இருபது மாதம் ஆகிறது. ஐந்து மாதமாகப் பணம் வரவில்லை. அலுவலகத்தில் கேட்டால் "மேலே அனுப்பிட்டோம்மா" என்கிறார்கள். கைடிடம் (ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர்) கொடுத்த ஆய்வேட்டு அத்தியாயம் மூன்று மாதமாக அவர் மேசையில் கிடக்கிறது. என்னோடு எம்.எஸ்சி. படித்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள், விடுதியில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு. விட்டுவிட்டுப் போய்விடலாமா?

பதில்: விடுவதா வேண்டாமா என்பதை இந்த மாதம் யோசிக்காதீர்கள். மெஸ் பில்லுக்கு அப்பாவிடம் கை நீட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஆராய்ச்சி பிடிக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. முதலில் பணத்தைப் பார்ப்போம்.

உங்கள் பணம் வரும் பாதையில் மூன்று நான்கு கைகள் இருக்கின்றன. கைடும் துறைத்தலைவரும் கையெழுத்திட்ட வருகைச் சான்று ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போகவேண்டும். அங்கே ஒருவர் ஃபெல்லோஷிப் இணையதளத்தில் அந்த மாதத்தைப் பதிவு செய்வார், அவரை 'மேக்கர்' என்பார்கள். இன்னொரு அதிகாரி 'செக்கர்', அவர் ஒப்புதல் தரவேண்டும். அதற்கு அப்புறம்தான் கனரா வங்கி வழியாகப் பணம் உங்கள் கணக்குக்கு வரும். "மேலே அனுப்பிட்டோம்" என்ற பதில் இதில் எந்தப் படிக்கும் பொருந்தும். அதனால் அதை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். "எந்தெந்த மாதம் மேக்கர் போட்டார், செக்கர் எந்தத் தேதியில் ஒப்புதல் கொடுத்தார்?" என்று கேளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. உங்கள் பல்கலைக்கழகத்தில் வேறு துறை ஜே.ஆர்.எஃப் மாணவர்கள் இரண்டு பேரிடம் பணம் வந்ததா என்று விசாரியுங்கள். யாருக்கும் வரவில்லை என்றால் தடை பொதுவானது, எல்லோரும் சேர்ந்து பதிவாளருக்கு ஒரே கடிதம் கொடுங்கள். அவர்களுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் சிக்கல் உங்கள் கோப்பில். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, ஒரு மாதச் சான்றில் கையெழுத்து விட்டுப்போனதா, பெயர் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆதாரில் முன்னால், வங்கியில் பின்னால், நெட் தேர்வுச் சான்றிதழில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் எங்காவது ஓரிடத்தில் முட்டும்.

எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். கைடு, துறைத்தலைவர் வழியாகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் எண்ணும் வாங்கி வையுங்கள். அலுவலக ஜன்னலில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. உதவித்தொகை தாமதம் யு.ஜி.சி.யின் 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிகளுக்குள் வருகிறது. குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாளில் அறிக்கை தரவேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சனிடம் (மாணவர் குறைகளை விசாரிக்கும் நடுவர்) மேல்முறையீடு செய்யலாம். அங்கெல்லாம் முதலில் கேட்பது அந்த முத்திரைக் காகிதத்தைத்தான்.

இன்னொன்றும் உங்களுக்கு நெருங்குகிறது. இரண்டு வருடம் முடிந்ததும் மூன்று பேர் குழு உங்கள் வேலையை மதிப்பிட்டு ஜே.ஆர்.எஃப்-ஐ அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப் ஆக்கவேண்டும். மாதம் 37,000 ரூபாய் அப்போது 42,000 ஆகும். குழுவில் வெளி நிபுணர் ஒருவர் உண்டு, அவர் தேதி கிடைப்பதே பெரும்பாடு. இருபத்திரண்டாம் மாதமே படிவத்தைக் கையில் எடுங்கள்.

சரி, கைடு. அவர் கெட்டவர் என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை, படிக்கவில்லை என்றுதான் இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் எட்டு பிஎச்.டி. மாணவர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அதோடு வகுப்பு, விடைத்தாள், நாக் (கல்வி நிறுவனத் தர மதிப்பீடு) வேலை. அறுபது பக்க அத்தியாயத்தை "ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படிக்கலாம்" என்று எடுத்துவைப்பார், அந்த ஞாயிறு வராது. நானும் அப்படி எடுத்துவைத்தவன்தான், பின்னால் அந்த மாணவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. இனிமேல் ஆறு பக்கம் கொடுங்கள். முதல் பக்கத்தில் மூன்று கேள்வி எழுதுங்கள்: "இந்த அட்டவணை போதுமா? இந்த முறை சரியா? அடுத்து எதைத் தொடங்கட்டும்?" சந்தித்துவிட்டு வந்த அன்றே, பேசியதை நான்கு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

அப்படியும் நகரவில்லை என்றால் உங்கள் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் டாக்டரல் கமிட்டி இருக்கிறது. ஒவ்வொரு செமஸ்டரும் அதன் முன்னால் முன்னேற்றத்தைச் சொல்வது விதி. பல துறைகளில் அது டீ, பிஸ்கட், கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. நீங்கள் அப்படி முடியவிடாதீர்கள். அத்தியாயத்தைக் கொடுத்த தேதியை அறிக்கையில் எழுதுங்கள், குறையாக இல்லாமல் தகவலாக. கமிட்டியின் மற்ற உறுப்பினர்களை முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டும் வாருங்கள். கைடை மாற்றும் வழி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒரு மாதிரி. மனக்கசப்பும் கால விரயமும் அதில் நிச்சயம், அதனால் அதைக் கடைசியில் வையுங்கள். அவர் நடத்தையில் தப்பு இருந்தால் மட்டும் இந்த வரிசையே வேண்டாம். பாலியல் தொல்லை என்றால் மூன்று மாதத்துக்குள் நேராக உள் புகார் குழுவுக்குப் போகவேண்டும்.

தனிமைக்கு என்னிடம் பெரிய மருந்து இல்லை. எம்.எஸ்சி.யில் ஒரு செட் இருந்தது, சேர்ந்து பரீட்சை, சேர்ந்து அரட்டை. பிஎச்.டி.யில் செட் கிடையாது, தேடித்தான் சேர்க்கவேண்டும். பணம் வந்ததா என்று விசாரிக்கப் போகிறீர்களே, அந்த இரண்டு பேரிடமிருந்தே தொடங்கலாம். காலையில் இரண்டு மணி நேரம் நூலகத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து அவரவர் வேலையை எழுதுங்கள். துறை வேறாக இருப்பது நல்லது, கைடு பேச்சைத் தாராளமாகப் பேசலாம். தூக்கம் கெட்டு, காலையில் எழவே மனமில்லாமல் போனால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம், நடு ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கல்யாணம் உங்கள் வீட்டு விஷயம், அதில் நான் தலையிடமாட்டேன். விதி என்ன சொல்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பிஎச்.டி.க்கு அதிகபட்சம் ஆறு வருடம். மறுபதிவு செய்தால் இரண்டு, பெண்களுக்கு மேலும் இரண்டு என்று பத்து வரை போகலாம். மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு மொத்தக் காலத்திலும் ஒருமுறை 240 நாள் வரை விடுப்பு உண்டு. கல்யாணமாகி ஊர் மாறினால், சில நிபந்தனைகளோடு ஆராய்ச்சியை வேறு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகவும் இடம் இருக்கிறது. ஆனால் ஃபெல்லோஷிப் மொத்தம் ஐந்தே வருடம். இருபது மாதம் போய்விட்டது, மீதி நாற்பது. வீட்டில் தேதி பார்க்க உட்காரும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.