‘சார், டியூப் போகலை’ என்று கூப்பிட்டீர்களே!

கேள்வி: மயக்கவியல் மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன், ஓர் இரவு அவசர ஆபரேஷனில் நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள் சுவாச டியூப் போட இரண்டு முறை முயன்றும் முடியவில்லை. சேச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்கத் தொடங்கியது. சீனியரைக் கூப்பிட்டேன், அவர் வந்து போட்டார். நோயாளி நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். எனக்குத்தான் அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவர் மருத்துவத் துறையில் இல்லை. “ஊசி போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் வேலைதானே, ஏன் இவ்வளவு களைத்துப்போகிறாய்?” என்கிறார். வேறு பிரிவுக்கு மாறிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

‘சீனியரைக் கூப்பிட்டேன்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். இரண்டு முறை முடியவில்லை என்றதும், மூன்றாவது முறை முயலாமல் கூப்பிட்டிருக்கிறீர்கள். டியூப் போடத் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் தொண்டை இன்னும் கொஞ்சம் வீங்கும், ரத்தம் கசியும். ஆரம்பத்தில் மாஸ்க் வைத்தாவது மூச்சு கொடுக்க முடிந்த நோயாளிக்கு, ஐந்தாறு முயற்சிக்குப் பிறகு அதுவும் முடியாமல் போகலாம். ‘இதோ தெரியுது, இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று நினைக்கத் தோன்றும் அந்த நொடியில் வாயைத் திறந்து உதவி கேட்பது லேசான காரியம் இல்லை. நீங்கள் கேட்டீர்கள். அவர் வீடு திரும்பியதில் உங்கள் பங்கு இருக்கிறது.

இன்னொன்றும் செய்திருப்பீர்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் மூன்று நிமிடம் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்திருப்பீர்கள். சாதாரணக் காற்றை மட்டும் சுவாசித்துக்கொண்டிருந்தவருக்கு மூச்சு நின்றால், ஒரு நிமிடம் சொச்சத்திலேயே சேச்சுரேஷன் சரியத் தொடங்கிவிடும். நுரையீரலை ஆக்சிஜனால் நிரப்பி வைத்தால், ஆரோக்கியமான பெரியவருக்கு அதைவிடப் பல நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உடல் பருமனானவர்களுக்கும் அவ்வளவு நேரம் கிடைக்காது. உங்கள் சீனியர் ஓடி வர நேரம் கிடைத்ததே, அது அந்த மூன்று நிமிடம் தந்தது.

பயத்துக்கு வருகிறேன். சேச்சுரேஷன் இறங்க இறங்க மானிட்டரின் ‘பீப்’ ஒலியும் கட்டையாகிக்கொண்டே போகும் அல்லவா, அந்தச் சத்தம் என் தூக்கத்திலும் பல மாதம் கேட்டிருக்கிறது. மயக்க மருத்துவராக எனக்கு 22 வருட அனுபவம். பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது கைப்பழக்கமாக மாறிவிட்டது. முதல் கேஸுக்கு முன் மெஷினை நானே சோதிப்பேன். என் மருந்தை நானே இழுப்பேன், சிரிஞ்சில் உடனே லேபிள் ஒட்டுவேன். தசையைத் தளர்த்தும் மருந்தும் இதயத்துடிப்பைக் கூட்டும் மருந்தும் சிரிஞ்சுக்குள் தண்ணீர் மாதிரி ஒரே போலத்தான் இருக்கும், லேபிள் மட்டும்தான் வித்தியாசம். டியூப் போகாவிட்டால் அடுத்து என்ன, அதுவும் நடக்காவிட்டால் என்ன என்று பக்கத்தில் நிற்கும் நர்ஸிடம் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்வேன். பயமே இல்லாத மயக்க மருத்துவரோடு வேலை செய்ய எனக்கு விருப்பமில்லை.

தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் கையருகே எப்போதும் ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்து இருக்கிறது, புரோப்போஃபால் என்ற மயக்க மருந்து இருக்கிறது. களைத்துப்போன ஒரு ராத்திரியில் ‘கொஞ்சம் தூங்கினால் போதும்’ என்று ஆரம்பித்துத் திரும்பி வராமல் போன மயக்க மருத்துவர்கள் உலகம் முழுக்க உண்டு. அந்த எண்ணம் ஒரு முறை எட்டிப்பார்த்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றாலும், இரண்டு மாதத் தூக்கமின்மைக்கு மனநல மருத்துவரைப் பார்ப்பதில் கூச்சமே வேண்டாம். ராத்திரி டியூட்டி முடிந்த கையோடு வண்டி ஓட்டவும் வேண்டாம். 24 மணி நேர டியூட்டிக்குப் பிறகு ஒரு சிக்னலில் நான் கண்ணயர்ந்திருக்கிறேன். பின்னால் நின்ற வண்டியின் ஹாரன்தான் எழுப்பியது. அப்போது நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து படுக்க ஓர் அறைகூடக் கிடையாது. கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

அப்புறம், உங்கள் வருங்காலக் கணவர். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் எடுத்துச் சொல்லாவிட்டால் இந்த வேலை யாருக்கும் தெரியாது. நாம் கொடுக்கும் மருந்தே நம்மை நோயாளியின் நினைவிலிருந்து அழித்துவிடுகிறது. கண் விழித்ததும் அவர் தேடுவது அறுவை சிகிச்சை செய்தவரை. அது எனக்கு ஆரம்பத்தில் வலித்தது, இப்போது இல்லை.

என் கணவரும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். விளக்கமெல்லாம் சொல்லவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். முகம் சிவந்து அவர் மூச்சை விட்டதும் சொன்னேன்: “உங்களால் விட முடிந்தது. என் நோயாளியால் முடியாது. அவருக்காக அந்த மூச்சை நான்தான் விட வேண்டும், சில நாள் எட்டு மணி நேரம்.” இடது கையால் தாடையைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் மாஸ்க்கோடு இணைத்த சுவாசப் பையை அழுத்திக்கொண்டிருந்தால், நுரையீரல் விரிகிறதா, அடைக்கிறதா என்று உள்ளங்கைக்கே தெரியும் என்றும் சொன்னேன். அதன் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

உங்கள் வருங்காலக் கணவருக்குக் கதை பிடிக்கும் என்றால் கோபன்ஹேகனைப் பற்றிச் சொல்லுங்கள். 1952இல் அங்கே போலியோ பரவி, மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் குவிந்தார்கள். பியோன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டு டியூப் வழியாகக் கையாலேயே மூச்சு கொடுக்கலாம் என்று காட்டினார். மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் முறை வைத்து இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். இன்றைய ஐசியூவின் தொடக்கம் அங்கேதான்.

கல்யாண வாழ்க்கைக்கு இந்த வேலை சரிவருமா என்ற கவலையும் கடிதத்தில் தெரிகிறது. நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ‘ஆறு மணிக்கு வந்துவிடுகிறேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், மேஜையில் நோயாளி இருக்கும்போது கிளம்ப முடியாது. என் மகளின் பள்ளி விழாக்களில் பாதியை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் கேஸை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கூப்பிட்டால் ஓட வேண்டிய ‘கால்’ டியூட்டி அன்று இல்லையென்றால், அந்த இரவு முழுக்க வீட்டுக்குத்தான். வேறு பல பிரிவுகளில் இருக்கும் என் தோழிகளுக்கு அது வாய்ப்பதில்லை. கர்ப்பம் தரித்தால் துறைத் தலைவரிடம் சீக்கிரமே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் கசியும் மயக்க வாயு, எக்ஸ்ரே இரண்டிலிருந்தும் விலகி நிற்க அவர்கள் டியூட்டியை மாற்றிப் போட வேண்டும்.

வேறு பிரிவுக்கு மாறுவதா? இப்போது முடிவெடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். தூக்கம் சரியாகட்டும், இன்னும் ஆறு மாதம் போகட்டும். அப்போதும் தியேட்டருக்குள் காலடி வைக்கவே உடம்பு மறுத்தால் தாராளமாக மாறுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. மயக்கவியல் படித்துவிட்டு வலி நிவாரணத்துக்கும் ஐசியூவுக்கும் போனவர்களும் நிறைய உண்டு.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். அன்று ஓடி வந்தாரே, அந்தச் சீனியரிடம் கேஸ் ஷீட்டோடு போய் உட்காருங்கள். தலையணை உயரம் சரியாக இருந்ததா, லாரிங்கோஸ்கோப் பிளேடு சரியான அளவா, அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பகலில் முன்கூட்டியே திட்டமிட்ட ஆபரேஷன்களில், அவர் பக்கத்தில் நிற்க, சுலபமான ஏழெட்டு டியூப்களை நீங்களே போட வாய்ப்பும் கேளுங்கள். கேட்க உங்களுக்குத் தெரியும், அன்று ராத்திரியே கேட்டவர் நீங்கள்.