கருக்கலைப்பு: யார் செய்யலாம், எங்கே செய்யலாம்? அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பற்றிக் கேள்வி பதில்

மேரிலாந்தில் நர்ஸ் பிராக்டிஷனராக (கூடுதல் படிப்பு படித்து, நோயாளியைப் பார்த்து மருந்தும் எழுதித் தரும் நர்ஸ்) வேலை பார்க்கிறேன். நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அக்கா, ஒரு மாநிலம் தடை போட்டால் தடை, இல்லையென்றால் இல்லை. யார், எங்கே என்று தனியாகச் சட்டம் எதற்கு?

பதில்: தடை என்ற சொல்லே வராமல் கிளினிக்கை மூட வைக்கலாம் தம்பி. டெக்சாஸ் 2013இல் எச்பி 2 என்று ஒரு சட்டம் போட்டது. கருக்கலைப்பு செய்யும் டாக்டருக்கு 30 மைலுக்குள் ஒரு மருத்துவமனையில் நோயாளியை அட்மிட் செய்யும் உரிமை வேண்டும், கட்டிடம் அறுவை சிகிச்சை மையத்துக்கான விதிகளுக்குப் பொருந்த வேண்டும், அங்கே வெறும் மாத்திரை மட்டும் கொடுத்தாலும் சரி. சுமார் 40 கிளினிக் இருந்த மாநிலத்தில், முதல் விதி அமலுக்கு வந்ததுமே ஏறக்குறைய பாதி மூடிவிட்டன.

கேள்வி: நல்ல டாக்டர் என்றால் அந்த உரிமையை வாங்கிக்கொள்ளலாமே?

பதில்: கேட்க அப்படித்தான் தோன்றும். ஆனால் வருஷத்துக்கு இத்தனை பேரையாவது நம்மிடம் அட்மிட் செய்வாரா என்று பார்த்துத்தான் பல மருத்துவமனைகள் அந்த உரிமையைத் தரும். கருக்கலைப்பில் ஆஸ்பத்திரிக்கு ஓடும் அளவுக்குச் சிக்கல் வருவதே அபூர்வம், அப்புறம் அட்மிட் செய்ய ஆளுக்கு எங்கே போவார்? டெக்சாஸின் மெக்காலனில் 38 வருஷ அனுபவத்தில் 15,000 பிரசவத்துக்கு மேல் பார்த்த ஒரு டாக்டருக்கு, 30 மைலுக்குள் இருந்த ஏழு ஆஸ்பத்திரிகளில் ஒன்றுகூட அந்த உரிமையைத் தரவில்லை. கைராசிக்காரராக இருந்தால் இப்படியும் ஒரு தண்டனை.

கேள்வி: கட்டிடம் தரமாக இருக்கட்டும் என்பதில் என்ன தப்பு?

பதில்: எல்லாருக்கும் ஒரே தரம் என்றால் தப்பே இல்லை. அதே டெக்சாஸில் மருத்துவச்சி வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாம், ஆனால் பிரசவத்தில் இறக்கும் வாய்ப்பு கருக்கலைப்பைவிட 14 மடங்கு. கொலோனோஸ்கோபியில் (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை) 10 மடங்கு, அதற்கும் இந்த விதி கிடையாது. நானாகச் சொல்லவில்லை, 2016இல் இரண்டு விதிகளையும் 5-3 என்று ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நீதிபதி ஸ்டீபன் பிரையர் எழுதியிருக்கிறார்.

கேள்வி: அப்போ மூடியதெல்லாம் திறந்துவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆட்கள் வேறு வேலைக்குப் போன பிறகு எங்கே திறப்பது? 2022 ஜூனில், நாடு முழுக்கக் கருக்கலைப்பு உரிமை தந்த 1973 ரோ தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, இப்போது அங்கே கிட்டத்தட்ட முழுத் தடை.

கேள்வி: சில மாநிலங்களில் டாக்டர் இல்லாமல் நர்ஸே செய்யலாமாமே, எனக்கென்னவோ பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படுவதில் தப்பில்லை, அதனால்தான் கலிஃபோர்னியாவில் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர், மிட்வைஃப், ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் (டாக்டரோடு சேர்ந்து சிகிச்சை தரப் பயிற்சி பெற்றவர்) ஒரு பக்கம், டாக்டர்கள் ஒரு பக்கம், மொத்தம் 11,000க்கு மேற்பட்ட கருக்கலைப்புகள். இரண்டு பக்கமும் சிக்கல் 2 சதவீதத்துக்கும் கீழே. 2013இல் அவர்களும் செய்யலாம் என்று அங்கே சட்டம் மாறியது. மான்டானாவில் நேர் எதிர். 1995இல் டாக்டர் மட்டும்தான் என்று சட்டம் வந்தபோது, அது பாதித்தது மாநிலத்திலேயே ஒரே ஒருவரை, ஒரு ஃபிசிஷியன் அசிஸ்டன்ட். 1999இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

கேள்வி: நம் ஊரில் எப்படி?

பதில்: இந்தியாவில் 1971 சட்டப்படி, அதற்கென அனுபவமோ பயிற்சியோ உள்ள பதிவு பெற்ற அலோபதி டாக்டர் மட்டும்தான், நர்ஸோ சித்த மருத்துவரோ செய்யக்கூடாது. இடம், அரசு மருத்துவமனை அல்லது அரசு அங்கீகரித்த இடம். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டர் சம்மதித்தால் போதும், 24 வரை என்றால் இரண்டு பேர், அதுவும் சில வகைப் பெண்களுக்கே.

கேள்வி: நீங்கள் செய்கிறீர்களா அக்கா?

பதில்: இல்லை. மேரிலாந்தில் 2022 ஜூலை முதல் என்னைப் போன்றவர்களும் செய்யலாம். ஆளுநர் லாரி ஹோகன் வீட்டோ செய்தார், சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. பயிற்சிக்கென்று வருஷத்துக்கு 35 லட்சம் டாலர் ஒதுக்கியிருந்தார்கள், முதல் வருஷப் பணத்தை அவர் விடவில்லை, 2023 ஜனவரியில் அடுத்த ஆளுநர் வெஸ் மூர் வந்துதான் விடுவித்தார். நான் இன்னும் பயிற்சிக்குப் போகவில்லை.