ஸப்ரூடர் படத்தில் கை வைத்தார்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கென்னடி கொலை பற்றிய கட்டுரையில், சுடப்பட்டதை அங்கே நின்ற ஸப்ரூடர் தன் கேமராவில் எடுத்த படத்தைத்தான் முதல் சாட்சியாக வைத்திருந்தீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. சுடும்போது கென்னடியின் கார் நின்றது என்று நேரில் பார்த்த பலர் சொல்லியிருக்கிறார்கள். படத்தில் அது நிற்கவே இல்லை. நடுவில் சில ஃபிரேம்களைக் காணோம். கொலையை விசாரித்த அரசாங்கக் குழுவான வாரன் கமிஷன் அச்சிட்டபோது இரண்டு ஃபிரேம்கள் இடம் மாறியிருந்தன. 11 வருடத்துக்கு மேல் மக்கள் கண்ணில் காட்டாத படத்தை எப்படி நம்புவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் சொன்னவை எல்லாம் நடந்தவைதான். உங்களுக்குச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை. ஆனாலும் அந்தப் படத்தில் யாரும் கை வைக்கவில்லை என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

1963 நவம்பர் 22. ஆபிரகாம் ஸப்ரூடர் டாலஸில் பெண்களுக்கான உடைகள் தயாரித்து விற்றவர். உயரத்தில் நின்றால் அவருக்குத் தலைசுற்றும். கென்னடி சுடப்பட்ட டீலி பிளாசாவில் ஒரு கான்கிரீட் மேடைமேல் ஏறி நின்றவரை, அவர் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அப்படி எடுத்ததுதான் அந்த 486 ஃபிரேம்கள். 27 நொடிகூட ஓடாது. அன்றே கோடக் லேபில் கழுவினார்கள், இன்னொரு லேபில் மூன்று பிரதி போட்டார்கள், அவற்றில் இரண்டு இரவுக்குள் அதிபரின் பாதுகாப்பைப் பார்க்கும் சீக்ரெட் சர்வீஸிடம் போய்விட்டன. மறுநாள் லைஃப் பத்திரிகை படங்களை அச்சிடும் உரிமையை வாங்கியது. ஆக, மூலத்தில் ஏதாவது செய்ய நினைத்தவர் வெவ்வேறு கைகளுக்குப் போய்விட்ட பிரதிகளையும் தேடிப்பிடித்து, எல்லாவற்றிலும் அதே மாதிரி செய்திருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் படச்சுருளின் ஓரத்தில் இருக்கிறது. 8 எம்எம் சுருளில் ஒரு பக்கம் வரிசையாகத் துளைகள் இருக்கும். திரையில் ஓட்டும்போது அந்தப் பக்கம் தெரியாது. ஆனால் ஸப்ரூடரின் கேமராவில் துளைகளுக்கு நடுவிலும் வெளிச்சம் விழுந்து, அங்கேயும் காட்சி பதிந்தது. அன்று போட்ட பிரதிகளில் அந்த ஓரக் காட்சி கிடையாது. மூலத்தில் மட்டும்தான் உண்டு. ஒருவர் காரையோ ஆளையோ மாற்றி வரைந்து, அதை மறுபடி படம் பிடித்திருந்தால், விரல் நகத்தைவிடச் சின்ன ஃபிரேமுக்குள் அந்த ஓரத்தையும் துளையைச் சுற்றிக் கசிந்த வெளிச்சத்தையும் பிசகாமல் கொண்டுவந்திருக்க வேண்டும். அதுவும் கோடாக்ரோம் என்ற கோடக்கின் வண்ணச் சுருளில். படத்தைப் படம் பிடித்தால் நிறம் முரடாகும், மணிமணியாகத் தெரியும். கோடக்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரோலண்ட் ஸவாடா இதையெல்லாம் ஆராய்ந்து, 1998-இல் கொடுத்த அறிக்கையில், இது கேமராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் என்றார்.

காணாமல்போன ஃபிரேம்களுக்கு வருகிறேன். லைஃப் ஆட்கள் கையாளும்போது சுருள் சேதமானது. தியேட்டர் ஆபரேட்டர் அறுந்த ரீலை ஒட்டுவதுபோல ஒட்டியதில் 208 முதல் 211 வரை போய்விட்டன. பொறுப்பில்லாத வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நான்கும் முதல் நாள் பிரதிகளில் அப்படியே இருக்கின்றன. 314-உம் 315-உம் இடம் மாறியது வாரன் கமிஷன் புத்தகத்தில்தான், சுருளில் இல்லை. அச்சுப் பிழை என்று எஃப்பிஐ தலைவர் ஹூவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

கார் விஷயம். வேகம் நன்றாகக் குறைவது படத்திலேயே தெரிகிறது. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே நின்றவர்களுக்கு அது நின்றதாகவே மனதில் பதிந்திருக்கலாம், அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து மரீ மச்மோர், ஆர்வில் நிக்ஸ் என்று இன்னும் இரண்டு பேர் படம் எடுத்தார்கள். அவற்றிலும் கார் நிற்கவில்லை. மச்மோரின் படம் நவம்பர் 26-ஆம் தேதியே நியூயார்க்கில் டிவியில் வந்துவிட்டது.

அப்புறம் ஒன்று யோசித்துப் பாருங்கள். 313-ஆவது ஃபிரேமில் குண்டு படுகிறது, அதன் பிறகு கென்னடியின் தலை பின்பக்கமாகச் சாய்கிறது. முன்னாலிருந்தும் யாரோ சுட்டார்கள் என்று லட்சக்கணக்கான பேரை நம்ப வைத்ததே அந்த அசைவுதான். பின்னாலிருந்து ஒருவன் மட்டுமே சுட்டான் என்று காட்ட நினைத்த அரசாங்கம் படத்தை மாற்றியிருந்தால், அதையா விட்டு வைத்திருக்கும்?

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஒருவன் கூவிக் கூவி இந்தப் படத்துக்கு ஆள் சேர்ப்பதாக ஸப்ரூடர் கெட்ட கனவு கண்டிருக்கிறார். 313-ஐ வெளியிட வேண்டாம் என்று லைஃபிடம் கேட்டுக்கொண்டார். அந்த மனிதரின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு நாட்டின் அதிபர் கொல்லப்பட்ட காட்சியை ஒரு பத்திரிகை காசு கொடுத்து வாங்கி இத்தனை வருடம் பூட்டி வைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை. 1975 மார்ச்சில்தான் அமெரிக்காவின் தேசியத் தொலைக்காட்சியில் முதன்முறையாகக் காட்டினார்கள். அதற்குள் ஆளாளுக்கு ஒரு கதை வளர்ந்துவிட்டது. முதல் வாரமே முழுதாகக் காட்டியிருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருந்திருக்காது.

முடிந்தால் ஓரக் காட்சியோடு இருக்கும் பிரதியைத் தேடிப் பாருங்கள். 313-இல் நிறுத்த வேண்டாம், அதைப் பார்ப்பது கஷ்டம். அதற்கு முந்தைய ஃபிரேம்களில் இடது ஓரத்தைக் கவனியுங்கள். அங்கே ஏதாவது பொருந்தாமல் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.