எட்மண்ட் மலோன்: சில கேள்விகள், சில பதில்கள்

அயர்லாந்துக்காரரான எட்மண்ட் மலோன் (1741–1812) ஷேக்ஸ்பியரின் பதிப்பாசிரியர், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் டிரைடனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். அவரைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றில் சில.

சார், வக்கீலுக்குப் படித்தவர் இந்தப் பக்கம் எப்படி வந்தார்?

டப்ளினில் பிறந்தவர். அப்பா நீதிபதி. டிரினிட்டி கல்லூரி, பிறகு லண்டனில் சட்டப் படிப்பு. 1767-இல் அயர்லாந்தில் வழக்கறிஞரானார். தொழில் பெரிதாக ஓடவில்லை. அப்பா போன பிறகு உட்கார்ந்து சாப்பிட வருமானம் இருந்ததால், 1777-இல் லண்டனுக்கே குடிபோய்விட்டார். ஆனால் வக்கீல் புத்தி கடைசி வரை விடவில்லை. யார் என்ன கதை சொன்னாலும் "எழுத்தில் இருக்கிறதா?" என்பார். ஷேக்ஸ்பியர் மான் திருடிவிட்டு ஊரைவிட்டு ஓடினார் என்ற கதையை அவர் நம்பாததும் இதனால்தான்.

நாடகங்களைக் கால வரிசைப்படுத்தியவர் இவரா?

முறையாக முயன்ற முதல் ஆள் என்று சொல்லலாம். 1623-இல் வந்த முதல் தொகுப்பு இன்பியல், வரலாறு, துன்பியல் என்றுதான் பிரித்திருந்தது. மலோன் புத்தக வியாபாரிகளின் பதிவேட்டைப் புரட்டினார். 1598-இல் பிரான்சிஸ் மியர்ஸ் என்ற எழுத்தாளர் பெயர் சொல்லியிருந்த 12 நாடகங்களைப் பிடித்துக்கொண்டார். 1778-இல் வரிசை வெளிவந்தது. தப்பும் உண்டு: 'வின்டர்ஸ் டேல்' நாடகத்தை 1594-இல் வைத்திருந்தார். பின்னால் வேறு சான்று கிடைத்ததும், கவிஞரின் கடைசிக் காலத்துக்குத் தள்ளிவைத்தார்.

போலி ஆவணங்களை அம்பலப்படுத்திய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

வில்லியம் ஹென்றி அயர்லாந்து என்று ஓர் இளைஞன். (குடும்பப் பெயர்தான் அயர்லாந்து, ஆள் இங்கிலாந்துக்காரன்.) ஒரு வக்கீல் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பழைய தாள், பழசாய்த் தெரியும் மை, இவற்றை வைத்து ஷேக்ஸ்பியரின் கடிதங்கள், பத்திரங்கள், கடைசியில் ஒரு முழு நாடகம்கூடத் தயாரித்துவிட்டான். எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் அந்தத் தாள்களின் முன் மண்டியிட்டு முத்தமிட்டார். அவர் மலோனின் நெருங்கிய நண்பர்!

மலோன் பார்க்கப் போகவே இல்லை. தாள்கள் அச்சாகி வரட்டும் என்று காத்திருந்தார். வந்ததும் ஒரு புத்தகமே எழுதி ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் போட்டார். எலிசபெத் ராணி எழுதியதாகச் சொன்ன கடிதம் ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த 'குளோப் அரங்கு' என்று முகவரி போட்டு, லெஸ்டர் பிரபுவும் வருவார் என்கிறது. லெஸ்டர் 1588-இல் இறந்துவிட்டார். குளோப் கட்டப்பட்டது 1599-இல். எழுத்துக்கூட்டலோ எந்தக் காலத்திலும் யாரும் எழுதாத மாதிரி. 400 பக்கத்துக்கு மேல் போன இந்தப் புத்தகம் 1796 மார்ச் கடைசியில் வெளிவந்தது. இரண்டு நாள் கழித்து அந்தப் போலி நாடகம் டிரூரி லேன் அரங்கில் ஏறியது. சிரிப்பும் கூச்சலுமாக ஒரே இரவோடு முடிந்தது. அந்த ஆண்டே பையன் ஒப்புக்கொண்டான்.

என்னைக் கேட்டால் நூறு பக்கமே போதும். செத்த பாம்பையும் விடாமல் அடிப்பது மலோனின் சுபாவம்.

பாஸ்வெல் எழுதிய, அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சனின் வரலாற்றில் இவருக்குப் பங்கு உண்டா?

நிறைய. பாஸ்வெல் கையெழுத்துப்படியோடு மலோன் வீட்டுக்குப் போவார். இருவரும் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்துவார்கள். சோர்ந்து போனால் மலோன் விரட்டுவார். 1791-இல் நூல் வந்தது. 1795-இல் பாஸ்வெல் இறந்ததும் அடுத்தடுத்த பதிப்புகளையும் மலோனே பார்த்துக்கொண்டார். இவர் இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் முடிந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

டிரைடன் வரலாறு?

1800-இல் வந்தது. ஆவணங்களைத் தோண்டி எழுதிய நூல். படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதன் நீளத்தைக் கேலி செய்தே அப்போது ஒரு சிறு நூல் வந்தது.

ஷேக்ஸ்பியர் சிலைக்கு வெள்ளையடித்தவர் இவர்தானாமே, நிஜமா அண்ணா?

நிஜம்தான். ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் தேவாலயத்தில் உள்ள மார்பளவுச் சிலை வண்ணம் பூசியது. அது பிற்காலத்து அலங்காரம் என்று நினைத்து, 1793-இல் பாதிரியாரைச் சம்மதிக்க வைத்து முழுக்க வெள்ளையடிக்க வைத்தார். பதிவேடு பதிவேடாய் உண்மை தேடியவர், கண்ணெதிரே இருந்த சான்றை மூடிவிட்டார்! 1810-இல் அங்கே வந்த யாரோ ஒருவர், மலோன் நாடகங்களைக் கெடுத்தது போலவே கல்லறையிலும் பூசி மெழுகிவிட்டார் என்று பார்வையாளர் ஏட்டில் நாலு வரிச் சாபக் கவிதை எழுதிவைத்துப் போனார். 1861-இல்தான் வெள்ளையை நீக்கி மறுபடி வண்ணம் தீட்டினார்கள்.