அருவிக்குத் தடை, அறைகள் காலி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பருவநிலை மாற்றத்தால் நகரச் சுற்றுலாவின் உற்பத்தித்திறன் குறைகிறது என்கிறார்கள். ஒகேனக்கல்லுக்கு வரும் கூட்டம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் என் லாட்ஜின் வருமானம் ஒரு நிலையில் நிற்பதில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– தருமபுரி பேருந்து நிலையப் பகுதியில் விடுதி நடத்தும் வாசகர்

பதில்: நிச்சயமாக உண்டு. ஆண்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் பார்ப்பதால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை. இருக்கிற அறைகளையும் ஆட்களையும் வண்டிகளையும் கொண்டு ஒரு நாளில் எவ்வளவு ஈட்ட முடிகிறது என்பதே சுற்றுலாவில் உற்பத்தித்திறன். கேழ்வரகை விலை ஏறும்வரை மூட்டையில் கட்டி வைக்கலாம். நேற்றிரவு காலியாகக் கிடந்த அறையை இன்று விற்க முடியாது. ஒரே வாரத்தில் கூட்டம் அலைமோதி, அடுத்த மூன்று வாரங்கள் வெறிச்சோடினால், ஆண்டுக் கணக்கு மாறாமல் இருந்தும் உங்கள் வருமானம் குறையும். சம்பளமும் மின்கட்டணமும் எல்லா நாளும் உண்டல்லவா?

ஒகேனக்கல்லின் நீர்வரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையும், அதனால் நிரம்பும் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளிலிருந்து திறக்கப்படும் நீரும்தான். 2023ஆம் ஆண்டு கர்நாடகத்தில் பருவமழை பொய்த்ததால், 2024 கோடையில் காவிரி பாறைகளுக்கிடையே ஓடைபோல் சுருங்கிக் கிடந்தது. அதே ஆண்டு ஜூலை இறுதியில் நீர்வரத்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியதால், ஆற்றில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதிக்கப்பட்டது. தண்ணீர் இல்லாததும் தண்ணீர் மிகுந்ததும் ஒரே ஆண்டில் சில மாத இடைவெளியில் வந்து, இரண்டும் பிழைப்பைப் பாதித்தன.

ஒரு குறிப்பிட்ட வெள்ளத்தைக் காட்டி, இது முழுக்கப் பருவநிலை மாற்றத்தால் வந்தது என்று கூறிவிட முடியாது. அணைகளை எப்போது திறக்கிறார்கள் என்பதற்கும் அதில் பங்குண்டு. எனினும் காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், பெய்யாத நாட்கள் நீள்வதும் கூடிவருகின்றன.

தடை நாளில் படித்துறையில் நின்று பார்த்தால் இழப்பு எப்படிப் பரவுகிறது என்பது புரியும். குளியல் இல்லையென்றால் எண்ணெய்க் குப்பியுடன் காத்திருக்கும் மசாஜ் தொழிலாளிக்கு வேலை இல்லை. பரிசல் இல்லையென்றால் குடும்பங்கள் மதியம்வரை தங்குவதில்லை. வாங்கி வந்த மீனைக் கொடுத்துச் சமைத்துத் தரச் சொல்ல யாரும் இல்லாததால், கரையில் மீன் சமைத்துத் தரும் பெண்களின் அடுப்பு எரிவதில்லை. அங்கிருந்து வாடகைக் கார், தருமபுரி உணவகம் என்று அந்த இழப்பு உங்கள் லாட்ஜ்வரை வந்து சேருகிறது.

என் கருத்தில், நகரத்தின் வருமானம் முழுவதையும் ஒரே அருவியை நம்பி வைத்திருப்பதுதான் நம் பெரிய பலவீனம். அறை பதிவு செய்தவர்களுக்கு அன்றைய நீர்வரத்தையும் தடை நிலவரத்தையும் முதல் நாளே கைபேசியில் தெரிவியுங்கள். அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயில், அங்கேயே சுவரோவியங்கள் உள்ள சென்றாயப் பெருமாள் கோயில், தீர்த்தமலை, பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு நாள் பயணத்தை வாடகைக் கார் ஓட்டுநர்களோடு பேசி வைத்திருந்தால், தடை நாளிலும் விருந்தினர் அறையைக் காலி செய்யாமல் தங்க வாய்ப்புண்டு.

கேள்வி: சுற்றுலாவே பருவநிலையைக் கெடுக்கிறது என்கிறார்களே, அது உண்மையா?
– ஓசூர் வாசகி

பதில்: ஓரளவு உண்மை. உலகப் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் சுமார் 8 விழுக்காடு சுற்றுலாவைச் சேர்ந்தது என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. விமானப் பயணம் அதில் முக்கியமானது. பெங்களூரிலிருந்து பேருந்தில் வருபவரின் பங்கு மிகச் சிறியது.

கேள்வி: கிருஷ்ணகிரியில் கோடையில் வெளியூர்க் குழுக்களை மலைக்கோட்டைக்கும் அணைக்கும் அழைத்துச் செல்கிறேன். பகல் பத்து மணிக்கு மேல் யாரும் நடக்க விரும்புவதில்லை. இனி இப்படித்தான் இருக்குமா?
– கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: கோடை தணியும் என்று எதிர்பார்த்துத் திட்டமிடாதீர்கள். வருபவர்கள் மட்டுமல்ல, நீங்களும் உங்கள் உதவியாளர்களும் வெயிலில் உழைப்பவர்கள் என்பதை மறக்கக் கூடாது. 33 முதல் 34 டிகிரி வெப்பத்தில், நடுத்தர உடலுழைப்பு செய்பவர் தம் வேலைத்திறனில் பாதியை இழக்கிறார் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. நம் ஊரில் ஏப்ரல், மே பகல்கள் அதைத் தாண்டியவை. ஏதென்சு நகரின் அக்ரோபோலிசைக்கூட 2023 ஜூலை வெப்ப அலையின்போது நண்பகல் நேரங்களில் மூடினார்கள்.

மலையேற்றத்தை விடியலில் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். நண்பகலை நிழலுள்ள இடத்துக்கு ஒதுக்குங்கள். மாங்கனிக் கண்காட்சி நடக்கும் நாட்களில் அதையே மாலைப் பயணமாக வைக்கலாம். மழைக்காலத்துக்கும் மாற்று ஏற்பாடு வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சத்தால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் அடித்துச் செல்லப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் பயணத்தை ரத்து செய்து, முன்பணத்தை வேறொரு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதைப் பதிவின்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.