எல்லாரும் ஒரே ஆள் மாதிரி பேசுகிறார்களா?

கேள்வி: ஐந்தாறு சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: உரையாடல் மேடை நாடகம் மாதிரி இருக்கிறது, எல்லாப் பாத்திரங்களும் ஒரே ஆள் போலப் பேசுகிறார்கள். எனக்குச் சொந்த ஊர் கொங்கு நாட்டில் கோபிச்செட்டிபாளையம் பக்கம். வட்டார வழக்கில் எழுதினால் சரியாகிவிடுமா, இல்லை பொதுத் தமிழே போதுமா? ஒரு கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பயிற்சி ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

பதில்: வழக்கு அப்புறம். நீங்கள் அனுப்பிய கதையில் அண்ணன் தங்கை வீட்டுக்கு வருகிற இடத்தைப் பார்ப்போம்.

"தங்கச்சி, என் தொழிலுக்காக நீ கொடுத்த நகையை அடகு வைத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்னும் மீட்டுத் தர முடியவில்லை. என்னை மன்னித்துவிடு."

"பரவாயில்லை அண்ணா. ஆனால் என் மாமியார் தினமும் கேட்கிறார்."

நகையைக் கொடுத்தவளே அவள்தான், அவளிடம் போய் எந்த அண்ணன் இப்படி வரலாறு சொல்வான்? வாசகருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அவன் வாயில் நீங்கள் உட்கார்ந்து பேசுகிறீர்கள். இதையே "மூணு வருசமாச்சு அம்மிணி" என்று மாற்றி எழுதினாலும் அது அறிவிப்புதான். இன்னொன்று, கேட்ட கேள்விக்கு உடனே நேரான பதில் வருகிறது, மனதில் இருப்பது முழுக்க வார்த்தையாக வந்துவிடுகிறது. பணமும் நகையும் நடுவில் இருக்கும்போது உறவுக்காரர்கள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. இப்படி வைத்துப் பாருங்கள்:

"வாங்கண்ணா. காப்பி வெக்கட்டுமா?"

"வேண்டாம் அம்மிணி. மாப்பிள்ளை இல்லையா?"

"வெளிய போயிருக்காரு. ராத்திரி ஆயிரும்."

"சரி, சரி. அப்ப ஒரு வாய் காப்பி குடு."

"வர்ற வாரம் நாத்தனா வீட்டுச் சீருக்குப் போகோணும். வெறுங்கழுத்தோட வந்தராதேங்குறாங்க அத்தை."

"மழை வர்ற மாதிரி இருக்குது. நா கெளம்பறேன்."

நகை, அடகு, மன்னிப்பு எதுவும் இதில் இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டில் இல்லை என்று தெரிந்ததும் அண்ணனுக்குக் காப்பி இறங்குகிறது, கழுத்து என்ற பேச்சு வந்ததும் மழை வந்துவிடுகிறது. மூன்று வருடக் கணக்கைக் கதைசொல்லி வேறோர் இடத்தில் ஒரு வரியில் சொல்லிக்கொள்ளலாம். எழுத உட்காரும் முன் ஒவ்வொருவரும் இந்த நேரத்தில் எதை வாங்கப் பார்க்கிறார், எதை மறைக்கப் பார்க்கிறார் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அது வேறு வேறாக இருந்தால் குரலும் பெரும்பாலும் தானாகப் பிரிந்துவிடும்.

அடுத்தது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள். நம் எழுத்தாளர்கள் பலர் வீணாக்குகிற விஷயம் இது. உங்கள் கதையில் மனைவி கணவனை ஓரிடத்தில் "நீங்க" என்கிறாள், அடுத்த பக்கத்தில் "நீ" என்கிறாள், காரணம் இல்லை, கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள். அதுவரை "வாங்கண்ணா" என்றே பேசிய தங்கை ஒரே ஒரு தடவை "வா" என்று சொன்னால் அங்கே சண்டை தொடங்கிவிட்டது என்று வாசகருக்குப் புரியும், "அவள் கோபத்துடன் சொன்னாள்" என்று தனியாக எழுத வேண்டியதில்லை. விளிக்கும் சொல்லைப் பாத்திரவாரியாகக் குறித்து வைத்துக்கொண்டு, காரணம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

இனி வழக்கு. கதைசொல்லி எழுத்துத் தமிழிலும் பாத்திரங்கள் பேச்சுத் தமிழிலும் இருப்பது இன்று வாசகருக்குப் பழகிய முறை. இந்தக் காலத்துக் குடும்பம் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று பேசினால் டப்பிங் படம் ஞாபகம்தான் வரும். கொங்குப் பேச்சை எழுதத் தயங்கவும் வேண்டாம், ஆர். ஷண்முகசுந்தரம் 1942லேயே 'நாகம்மாள்' நாவலில் அதைச் செய்துவிட்டார். ஆனால் அளவு முக்கியம். "போகோணும்", "இல்லீங்க", "ஏனுங்க" போன்ற சில முடிவுகளே ஊரைக் காட்டிவிடும். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்கிறது, சந்தேகம் வந்தால் பாருங்கள். அதைத் திறந்து வைத்துக்கொண்டு அரிய சொல்லாகப் பொறுக்கிப் போட்டால் கதை கண்காட்சி ஆகிவிடும். எழுத்துக்கூட்டலிலும் ஒரே முறையாக இருங்கள். உங்கள் கதையில் "வந்துட்டான்", "வந்திட்டான்", "வந்துட்டா(ன்)" மூன்றையும் ஒரே ஆள் சொல்கிறார்.

"என்றான்", "என்றாள்" போதும். கர்ஜித்தான், வினவினாள், செப்பினார் எல்லாம் வேண்டாம். ஆள் யார் என்று தெரிகிற இடத்தில் "என்றான்" கூட வேண்டாம்.

பயிற்சி கேட்டிருந்தீர்கள். டவுன் பஸ்ஸிலோ ரேஷன் கடையிலோ காதில் விழுவதை வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதுங்கள், ரெக்கார்ட் செய்ய வேண்டாம், அது அவர்களுக்குச் செய்யும் மரியாதையும் இல்லை. நினைவில் தங்குவதுதான் உங்களுக்குத் தேவையானது, நிஜப் பேச்சில் முக்கால்வாசி கதைக்கு ஆகாது. அப்புறம் இப்போதுள்ள கதையின் உரையாடல்களை, யார் பேசுவது என்ற குறிப்பையெல்லாம் நீக்கிவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நீங்களே வாசித்தால் தப்பான இடத்திலும் சரியான தொனியைப் போட்டுச் சமாளித்துவிடுவீர்கள். அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே "இது யாரு பேசுறது?" என்று கேட்கிறார் என்று பென்சிலில் குறியுங்கள். முதலில் அந்த வரிகளைத் திருத்துங்கள், பாதி அடித்தால் போகக்கூடியவையாகவே இருக்கும்.