கலிஃபோர்னியா நினைவு நம்பர் பிளேட்: பணம் எங்கே போகிறது?

வணக்கம். கலிஃபோர்னியாவின் செப்டம்பர் 11 நினைவு நம்பர் பிளேட்டை வாங்கினால் முழுத் தொகையும் போலீஸ் பயிற்சிக்குப் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். போகாது.

2001 தாக்குதலுக்குப் பின் உருவான திட்டம் இது. நிர்வாகச் செலவு போக மிஞ்சுவதில் 85 சதவீதம் பயங்கரவாதத் தடுப்பு நிதிக்கும், 15 சதவீதம் பலியான கலிஃபோர்னியர்களின் குடும்பத்தாருக்கான கல்வி உதவிக்கும் என்று சட்டம் பிரித்தது. அந்த 85 சதவீதமும் போலீஸுக்கு மட்டுமானதல்ல. தீயணைப்பு, பொதுச் சுகாதாரத் துறைகளும் அதில் பங்குதாரர்கள். பயிற்சியோடு ஆள் சேர்ப்பு, கருவிகள் ஆகியவற்றுக்கும் செலவிடலாம்.

எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்க மாநில அரசு இந்த நிதியிலிருந்தே கடன் எடுத்தது. இதுபோன்ற சிறப்பு பிளேட்டுகளின் நிதிகளில் அனுமதியில்லாத செலவுகளும் ஆதாரமில்லாத செலவுகளும் நடந்திருப்பதை மாநிலத் தணிக்கையாளர் 2013இல் சுட்டிக்காட்டினார். மக்கள் நம்பிக் கொடுத்த பணம் அது!

இன்னொன்று: இது ஒருமுறைச் செலவல்ல. ஆண்டுதோறும் வாகனப் பதிவைப் புதுப்பிக்கும்போது கூடுதல் கட்டணம் சேரும். புதிய பிளேட்டைப் பெறப் பழையதை ஒப்படைக்கவும் வேண்டும்.

நினைவைப் போற்ற விரும்பினால் தயங்காமல் வாங்குங்கள். பயிற்சிக்கு உதவுவது மட்டுமே நோக்கம் என்றால், உங்கள் ஊர்க் காவல் துறையிடமே நன்கொடைக்கு வழியுண்டா என்று கேளுங்கள்.